ரயில்வே அரசாங்கத்து கையிலயே இருக்கணுமா, பிரைவேட்டுக்கு போனா நமக்கு என்ன ஆகும்? கும்மிடிப்பூண்டி லைன் ஆளுங்க வந்து சொல்லுங்க

கொருக்குப்பேட்டை கேட்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் பெருசா எழுதுறேன், பொறுமையா படிங்க. நான் தினமும் கொருக்குப்பேட்டைல ஏறி கும்மிடிப்பூண்டி வரைக்கும் எலக்ட்ரிக் ட்ரெயின், அங்கேர்ந்து கம்பெனி பஸ் புடிச்சு ஆந்திரா பார்டர்ல இருக்குற ஸ்ரீசிட்டி ஃபேக்டரி. சீசன் டிக்கெட் தான், மாசம் முந்நூறு ரூவாக்குள்ள வேலைக்கு போய்ட்டு வந்துடுறேன், இதே பைக்ல போனா பெட்ரோலுக்கே சம்பளத்துல பாதி போயிடும்.

எங்க தாத்தா பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸ்ல ஃபிட்டர். 1974 மே மாசம் நாடு முழுக்க ரயில்வே ஸ்ட்ரைக் நடந்துச்சுல்ல, இருவது நாளு, அதுல வேல போச்சு அவருக்கு, 77ல ஆட்சி மாறுனப்புறம் தான் திரும்ப எடுத்துக்குனாங்க. அந்த மூணு வருஷம் ஆயா இட்லி சுட்டு வித்து தான் குடும்பத்த ஓட்டுச்சு. அப்படி இருந்தும் சாவுற வரைக்கும் ரயில்வேய பத்தி ஒரு வார்த்த தப்பா பேச வுட மாட்டாரு. அந்த வூட்ல வளர்ந்தவன் நான்.

போன வாரம் நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு வரும்போது கூட வேல செய்ற பையன் ஒருத்தன் ஆரம்பிச்சான். இந்த லைன்ல எக்ஸ்பிரஸும் போவுது, எண்ணூர் பக்கம் போற நிலக்கரி கூட்ஸும் போவுது, நடுவுல நம்ம லோக்கல் ஒதுங்கி நிக்குது, இதையே ஒரு பிரைவேட் கம்பெனி கிட்ட குடுத்தா டைமுக்கு வுடுவான், சுத்தமா வெச்சிருப்பான், கேள்வி கேட்டா பதில் சொல்லுவான், அரசாங்கம்னா யார கேக்கறதுன்னே தெரியலன்னான். ஜப்பான பாருன்னான். எங்க ஃபேக்டரில லைன் அஞ்சு நிமிஷம் நின்னா பத்து பேரு ஓடி வராங்க, அது எனக்கும் தெரியும், அதனால டக்குனு அவன மறுத்து பேச முடியல. ஆனா மனசு ஒத்துக்கல. தாத்தா மேல இருக்குற பாசத்துல தான் எனக்கு அப்படி தோணுதா, இல்ல நெஜமாவே காரணம் இருக்கான்னு தெரியணும்.

உலகத்துல மத்த எடத்துல பிரைவேட்டுக்கு குடுத்து என்ன ஆச்சு? நம்ம ஊர்ல இதுக்கு முன்னாடி யார் கையில இருந்துச்சு? தெரிஞ்சவங்க சொல்லுங்க. கட்சி சண்ட வேணாம் ப்ளீஸ்.

மாதவரம் பால்பண்ணை:

ப்ரோ உங்க ஃப்ரெண்டு சொன்னதுல தப்பு ஒண்ணும் இல்லன்னு தான் நான் நெனைக்கிறேன். ரயில்வே நம்மளோடதுன்னு சொல்றதுக்கு நல்லாருக்கு, ஆனா அன்ரிசர்வ்டு பெட்டில வடநாட்டுல இருந்து வர தொழிலாளிங்க பாத்ரூம் வாசல்ல ரெண்டு நாள் குந்தினே வராங்க, அவங்க கிட்ட போயி இது உன்னோட ரயிலுன்னு சொல்ல முடியுமா. 2023ல கணக்கு கேட்டப்போ ரயில்வேல இரண்டரை லட்சத்துக்கு மேல வேக்கன்சி, அதுல பெரும் பகுதி சேஃப்டி சம்பந்தப்பட்ட போஸ்டுங்க. அரசாங்கம் மொதலாளியா இருந்து அந்த லட்சணத்துல தான் வெச்சிருக்கு. அதே வருஷம் ஜூன் 2ஆம் தேதி பாலசோர், கிட்டத்தட்ட முந்நூறு உயிரு, நம்ம சென்ட்ரலுக்கு வர வேண்டிய கோரமண்டல் தான அது.

டிக்கெட்ட திருப்பி பாத்தீங்கன்னா பயணச் செலவுல 57 சதவீதம் தான் வசூலாவுதுன்னு அவங்களே அச்சடிச்சு குடுத்தாங்க ஒரு காலத்துல. மீதி எங்கேர்ந்து வருது, கூட்ஸ் கட்டணத்துல இருந்து. நிலக்கரிக்கு சிமெண்டுக்கு அதிகமா வாங்கி பாசஞ்சருக்கு குறைக்கிறாங்க, அதனால சரக்கு எல்லாம் லாரிக்கு போயிடுச்சு, அதோட பலன நம்ம மணலி எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்ல கன்டெய்னர் லாரி நடுவுல பைக் ஓட்டுறவன கேளுங்க தெரியும்.

2019ல லக்னோ டெல்லி தேஜஸ்னு ஒரு எக்ஸ்பிரஸ ரயில்வே நேரா ஓட்டாம ஒரு கம்பெனி ஓட்டுற மாதிரி வுட்டாங்க, வண்டி ஒரு மணி நேரம் லேட்டானா 100 ரூவா, ரெண்டு மணி நேரத்துக்கு மேல போனா 250 ரூவா திருப்பி குடுத்தாங்க. நூறு வருஷத்துல எவனாவது குடுத்தானா? ஜப்பான்ல 1987 ஏப்ரல் 1ஆம் தேதி நேஷனல் ரயில்வேய ஆறு பாசஞ்சர் கம்பெனி ஒரு கூட்ஸ் கம்பெனியா பிரிச்சாங்க, அதுல டோக்கியோ பக்கம் ஓட்டுறவன், நாகோயா பக்கம் ஓட்டுறவன் எல்லாம் இன்னிக்கி உலகத்துலயே நேரத்துக்கு ஓட்டுற ஆளு. ஸ்டேஷன் மேலயே கடை, ஹோட்டல், ஆபீஸ் கட்டி அதுல சம்பாதிக்கிறான். நம்ம ராயபுரத்துல எவ்ளோ எடம் சும்மா கெடக்குது பாருங்க. நான் யாரையும் நோகடிக்க சொல்லல, நம்ம ஏரியா முன்னேறணும்னு தான் சொல்றேன்.

ஐசிஎஃப் ஷெல்:

தம்பி, நான் ஐசிஎஃப், அதாவது பெரம்பூர் ரயில் பெட்டி ஃபேக்டரி, அதுல பெட்டியோட கூடு செய்ற ஷெல் டிவிஷன்ல வெல்டரா சேந்து ரிடையர் ஆனவன். மாதவரம் தம்பி நல்ல மனசோட தான் பேசுறாரு, வேக்கன்சிய பத்தி அவர் சொன்னது நூத்துக்கு நூறு சரி, ஆக்ட் அப்ரண்டிஸ்னு ரயில்வேல தொழில் பயிற்சி முடிச்சிட்டு வேலைக்கு வருஷக்கணக்கா காத்துனு இருக்குற பசங்க எங்க தெருவுலயே இருக்காங்க. ஆனா சில விஷயம் விட்டுப்போச்சு, அத சொல்றேன்.

மொதல்ல நீ கேட்ட பழைய கதை. ராயபுரம் ஸ்டேஷன் 1856 ஜூன் கடைசில தொறந்து, ஜூலை 1ஆம் தேதி வாலாஜா ரோட்டுக்கு வண்டி வுட்டாங்க, தென்னிந்தியாவுக்கே அது தான் மொத பாசஞ்சர் வண்டி. அத வுட்டது அரசாங்கம் கெடையாது, மெட்ராஸ் ரயில்வேன்னு லண்டன்ல ஷேர் வித்த பிரைவேட் கம்பெனி. ஆனா அது என்ன மாதிரி பிரைவேட்னு பாக்கணும். கம்பெனிக்காரன் போட்ட பணத்துக்கு வருஷத்துக்கு 5 சதவீதம் வரைக்கும் வருமானம் கேரண்டி, லாபம் வரலன்னா மீதிய அரசாங்கம் குடுக்கும், அந்த காசு நம்ம ஜனங்க கட்டுன வரி. எவ்ளோ செலவு பண்ணாலும் வட்டி வந்துடும்னா எவன் சிக்கனமா கட்டுவான் சொல்லு, செலவு மதிப்பு போட்டத தாண்டி எங்கயோ போச்சு. லாபம் வந்தா லண்டனுக்கு, நஷ்டம் வந்தா செங்கல்பட்டு குடியானவன் தலையில. அதனால தான் 1869க்கு அப்புறம் வெள்ளக்கார கவர்மென்ட்டே இது கட்டுப்படியாகலன்னு தானே லைன் போட ஆரம்பிச்சுது.

அதுக்கப்புறம் 1920ல அக்வொர்த் கமிட்டின்னு ஒண்ணு போட்டாங்க. கம்பெனி மேனேஜ்மென்ட் மேல இந்திய வியாபாரிங்க, பிரயாணிங்க எல்லாம் அவ்ளோ கொறை சொன்னாங்க, மூணாங்கிளாஸ்ல ஜனங்கள ஆடு மாடு மாதிரி அடைச்சு கூட்டினு போனாங்க, காசு மட்டும் அவங்க கிட்ட இருந்து தான் நெறைய வந்துச்சு. அரசாங்கமே நடத்தணும்னு அந்த கமிட்டி தலைவரு எழுதுனாரு, அவரும் வெள்ளக்காரர் தான். அந்த ரிப்போர்ட்ட வெச்சு தான் 1924ல ரயில்வே பட்ஜெட்டு தனியாச்சு, அத 2017ல திரும்ப பொது பட்ஜெட்டோட சேத்துட்டாங்க. நம்ம பக்கத்து ரெண்டு கம்பெனியும், மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா, சவுத் இண்டியன் ரயில்வே, 1944 ஏப்ரல்ல அரசாங்கத்து கைக்கு வந்துச்சு, சுதந்திரத்துக்கு முன்னாடியே. 1951 ஏப்ரல் 14 தமிழ் புது வருஷத்தன்னிக்கு இந்த ரெண்டையும் மைசூர் ரயில்வேயையும் சேத்து சதர்ன் ரயில்வே ஆக்குனாங்க. ஆக, பிரைவேட்டுக்கு குடுத்து பாக்கலாம்னு இப்ப பேசுறவங்க புதுசா ஒண்ணும் சொல்லல, நாம அதுல தொண்ணூறு வருஷம் இருந்து பாத்துட்டு தான் வெளிய வந்தோம்.

ரெண்டாவது, அரசாங்கம்னா திறமை இருக்காதுன்னு ஒரு நெனப்பு இருக்கு, அது எனக்கு நெஞ்சுல குத்துது. 1955 அக்டோபர் 2ல நேரு வந்து ஐசிஎஃப்ப தொறந்து வெச்சாரு, சுவிட்சர்லாந்து கம்பெனி ஒண்ணு டெக்னிக் சொல்லிக் குடுத்துச்சு. ஆரம்பத்துல வெறும் ஷெல்லு மட்டும் தான் செஞ்சோம், 62ல சீட்டு, ஃபேன் எல்லாம் மாட்டுற ஃபர்னிஷிங் டிவிஷன் வந்துச்சு. அங்கேர்ந்து ஆரம்பிச்சு எழுபதாயிரம் பெட்டிக்கு மேல செஞ்சு தள்ளியாச்சு. 2018ல ட்ரெயின் 18னு இன்ஜினே இல்லாத வண்டிய 18 மாசத்துல டிசைன் பண்ணி வெளிய எடுத்தாங்க, 2019 பிப்ரவரி 15ல டெல்லி வாரணாசி ஓடுச்சு, இன்னிக்கி வந்தே பாரத்னு எல்லாரும் செல்ஃபி எடுக்குற வண்டி அது தான். அது வெளிய வந்த நாளு பழைய ஆளுங்க நாங்க கேட்டாண்ட நின்னு பாத்தோம், கண்ணு கலங்கிடுச்சு. அதே 2019 ஜூன்ல தான் ஐசிஎஃப் மாதிரி ஃபேக்டரிங்கள எல்லாம் கம்பெனியா மாத்த போறோம்னு ரயில்வேல நூறு நாளுக்குள்ள செய்ய வேண்டியதுன்னு ஒரு திட்டம் வந்துச்சு, பெரம்பூர்ல குடும்பத்தோட ரோட்டுக்கு வந்தாங்க ஜனங்க.

இன்னொண்ணு, சுவிட்சர்லாந்துன்னு சொன்னேன்ல, எங்களுக்கு பெட்டி செய்ய கத்துக் குடுத்த நாடு. அங்க 1898ல ஜனங்க கிட்ட ஓட்டு வெச்சு, ரயில்வேய அரசாங்கம் வாங்கிக்கலாம்னு ஜனங்களே முடிவு பண்ணாங்க. இன்னிக்கும் அது அரசாங்கத்தோடது தான். உலகத்துலயே ஒழுங்கா ஓடுற ரயில்ல அதுவும் ஒண்ணு. பெட்டி செய்றவன் பிரைவேட்டா இருந்தான், ஓட்டுறவன் அரசாங்கமா இருந்தான், அவங்க அத குழப்பிக்கல.

எண்ணூர் கீமேன் மவ:

அண்ணே, ஐசிஎஃப் பெரியப்பா சொன்னதுக்கு மேல நான் ஒண்ணு சொல்லணும். எங்கப்பா ட்ராக்ல கீமேன், தினமும் தண்டவாளத்த நடந்து பாத்து சரி பண்ற ஆளு. ரயில்வேன்னா எல்லாருக்கும் வண்டி ஞாபகம் வருது, ஸ்டேஷன் ஞாபகம் வருது, எனக்கு தண்டவாளம் தான் ஞாபகம் வரும், ஏன்னா காலைல நான் எழுந்திருக்குறதுக்கு முன்னாடியே அப்பா தோள்ல சுத்தியும் ஸ்பேனரும் செகப்பு கொடியும் வெடியும் வெச்ச பைய மாட்டினு கெளம்பி போயிடுவாரு. ஆறேழு கிலோமீட்டர் தண்டவாளம் அவரோட பீட்டு. ஒவ்வொரு கிளிப்பா பாத்துனே நடப்பாரு, எது லூசா இருக்கோ அத அடிச்சு இறுக்குவாரு. பனி காலத்துல விடியக்காலைல தண்டவாளம் குளிர்ல சுருங்கும், அப்போ விரிசல் வுட்டு முறியும், வெயில் காலத்துல நீண்டு வளையும். மழைன்னா ராத்திரி ரோந்து. சுத்தியால தட்டுனா வர சத்தத்துலயே எங்க கோளாறுன்னு சொல்லுவாரு. அந்த எடத்து மண்ணு எப்படி, எந்த பாலத்தாண்ட தண்ணி நிக்கும்னு அவர் தலையில மொத்தமும் இருந்துச்சு. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல பேசின் பிரிட்ஜுக்கும் வியாசர்பாடிக்கும் நடுவுல 14ஆம் நம்பர் பாலத்துல தண்ணி ஏறி சென்ட்ரல் வண்டி எல்லாம் நின்னுச்சே, அந்த மாதிரி நேரத்துல இடுப்பளவு தண்ணில நின்னு அளவு பாக்குறது இந்த ஆளுங்க தான்.

இப்போ இங்கிலாந்து கதைக்கு வரேன், இத நான் படிச்சப்போ அப்பாவ தான் நெனைச்சுக்குனேன். அங்க 1948 ஜனவரி 1ல ரயில்வே மொத்தமும் அரசாங்கம் ஆச்சு. 1993ல சட்டம் போட்டு ஒடைச்சு வித்தாங்க. வண்டி ஓட்டுறது ஒருத்தன், பெட்டிய வாடகைக்கு வுடுறது ஒருத்தன், தண்டவாளம் சிக்னல் எல்லாம் ரெயில்ட்ராக்னு ஒரு கம்பெனி. அந்த கம்பெனி தண்டவாளத்த பாத்துக்குற வேலைய திரும்ப கான்ட்ராக்ட்டுக்கு வுட்டுச்சு, கான்ட்ராக்ட்காரன் ஆள வெச்சு செஞ்சான். அதாவது தண்டவாளத்துக்கு சொந்தக்காரனுக்கு அந்த தண்டவாளம் எந்த நெலமைல இருக்குன்னு தெரியாது, தெரிஞ்ச கேங்மேனுக்கு சொந்தக்காரன் யாருன்னு தெரியாது. 2000 அக்டோபர் 17, ஹாட்ஃபீல்டுன்னு ஒரு ஊரு, வளைவுல இருந்த தண்டவாளம் வண்டி போகும்போதே முந்நூறு துண்டுக்கு மேல ஒடைஞ்சு போச்சு. நாலு பேர் செத்தாங்க. அந்த தண்டவாளத்துல விரிசல் இருக்குன்னு முன்னாடியே தெரிஞ்சிருக்கு, மாத்தணும்னு முடிவும் ஆகியிருக்கு, மாத்தல. அதுக்கப்புறம் வேற எங்கெல்லாம் இந்த மாதிரி விரிசல் இருக்குன்னு கம்பெனிக்கு தெரியாததால நாடு முழுக்க ஆயிரத்துக்கு மேல எடத்துல வேகத்த கொறைச்சாங்க, மாசக்கணக்கா ஊரே ஸ்தம்பிச்சு போச்சு. ஒரு வருஷத்துல ரெயில்ட்ராக் திவாலு, 2002ல நெட்வொர்க் ரெயில்னு லாபம் பாக்காத அமைப்பு கைக்கு தண்டவாளம் வந்துச்சு.

வண்டிங்கள மட்டும் பிரைவேட் ஓட்டினு இருந்தான், அதுவும் ஒவ்வொண்ணா கையை விட்டு போச்சு. இப்போ 2024ல பாசஞ்சர் சர்வீஸ் எல்லாத்தையும் அரசாங்கமே எடுத்துக்கணும்னு சட்டம் போட்டு, 2025 மே 25ல சவுத் வெஸ்டர்ன் ரயில்வேல இருந்து எடுக்க ஆரம்பிச்சிட்டாங்க. பிரைவேட்டுக்கு குடுக்குறதுக்கு உலகத்துக்கே வழிகாட்டுன நாடு முப்பது வருஷம் கழிச்சு திரும்பி வந்துனு இருக்கு.

ஒரு விஷயம் மறைக்க மாட்டேன். எங்கப்பா மாதிரி ஆளுங்க ரிடையர் ஆன எடத்துல எல்லாம் திரும்ப ஆள் போடல. இருக்குற ஆளுக்கு பீட்ட நீட்டிக்கினே போறாங்க, சில வேலை கான்ட்ராக்ட்டுக்கு போவுது. அரசாங்கம்ன்ற போர்டு மாட்டி உள்ள ரெயில்ட்ராக் மாதிரி நடத்துனா அதுவும் அங்க தான் போயி நிக்கும். மாதவரம் அண்ணன் வேக்கன்சி பத்தி சொன்னதுக்கு நான் கோவப்பட மாட்டேன், அது எங்க வூட்டு கோவமும் தான். 2024 அக்டோபர் 11 நைட்டு கவரப்பேட்டைல பாக்மதி எக்ஸ்பிரஸ் மெயின் லைனுக்கு சிக்னல் இருந்தும் பக்கத்துல வண்டிங்க ஒதுங்கி நிக்கிற லூப் லைனுக்குள்ள பூந்து நின்னுனு இருந்த கூட்ஸ்ல அடிச்சுதே, ஒரு உயிரு கூட போகல, அது சாமி புண்ணியம். அன்னிக்கி நைட்டு எங்கப்பா தூங்கவே இல்ல.

மாதவரம் பால்பண்ணை:

கீமேன் விஷயம் எனக்கு உண்மைலயே தெரியாது மா, சொன்னதுக்கு நன்றி. இங்கிலாந்து ஒடைச்ச விதம் தப்புன்னு நானும் ஒத்துக்குறேன், தண்டவாளத்தையும் வண்டியையும் பிரிச்சது தான் அங்க வம்பு. ஜப்பான்ல அப்படி பிரிக்கல, அந்தந்த கம்பெனிக்கே தண்டவாளமும் சொந்தம், வண்டியும் சொந்தம். அதனால தான் அங்க நல்லா ஓடுது. அத ஏன் யாரும் பேச மாட்டேங்குறீங்க?

ஐசிஎஃப் ஷெல்:

பேசலாம் தம்பி. ஜப்பான் புல்லட் ட்ரெயின் 1964 அக்டோபர் 1ல ஓட ஆரம்பிச்சுது, அப்போ அது அரசாங்க ரயில்வே. அந்த ஊர் பேர காட்டுற வண்டியே அரசாங்கம் போட்டது. 87ல பிரிக்கும்போது 37 லட்சம் கோடி யென் கடன் இருந்துச்சு, அதுல பெரும் பகுதிய புதுக் கம்பெனிங்க தலைல வெக்காம அரசாங்கம் தனியா எடுத்துக்குச்சு, கடைசில கட்டுனது ஜனங்களோட வரி. டோக்கியோ பக்கம், ஒசாகா பக்கம் கோடிக்கணக்கான ஜனம், அங்க லாபம் வரும், மார்க்கெட்ல ஷேர் வித்தாங்க. வடக்கால ஹொக்கைடோ, தெக்கால ஷிகோகு, ரெண்டுலயும் ஜனம் கம்மி, ஹொக்கைடோல பனி வேற ஜாஸ்தி, அந்த ரெண்டு கம்பெனியும் இன்னி வரைக்கும் அரசாங்கத்து கையில தான் இருக்கு, வாங்க ஆள் இல்ல. ஹொக்கைடோல ஒவ்வொரு லைனா மூடினே வராங்க.

இப்போ நம்ம ஊருக்கு வா. சென்னை கோயம்புத்தூர், சென்னை பெங்களூர் எவன் வேணாலும் எடுத்துப்பான். நம்ம பீச் கும்மிடிப்பூண்டி லைன எவன் எடுப்பான்? அஞ்சு ரூவா டிக்கெட்டு, சீசன் பாஸு, ஏறுறவன் பூரா கூலி வேலைக்காரன், காலேஜ் பசங்க, மீன்காரம்மா. ஜப்பான பாருன்னு சொல்றவங்க டோக்கியோவ காட்டுறாங்க, நம்ம இருக்குறது ஹொக்கைடோ.

தேஜஸ் பத்தி ஒண்ணு, அத ஓட்டுறது ஐஆர்சிடிசி, அதுல பாதிக்கு மேல பங்கு இன்னும் அரசாங்கத்தோடது. லேட்டுக்கு காசு குடுக்கணும்னு அரசாங்கம் நெனைச்சா குடுக்க முடியும்னு தான் அதுல தெரியுது, அத எல்லா வண்டிக்கும் கொண்டு வான்னு நாம கேக்கலாம். நெஜ பிரைவேட்ட 2020 ஜூலைல கூப்ட்டாங்க, 109 ரூட்டு, 151 வண்டி, 35 வருஷ கான்ட்ராக்ட்டு. அடுத்த வருஷம் டெண்டர தொறந்து பாத்தா ரெண்டே கம்பெனி, அதுல ஒண்ணு இதே ஐஆர்சிடிசி. அத்தோட கிடப்புல போட்டுட்டாங்க. மெட்ரோலயும் பாரு, டெல்லி ஏர்போர்ட் லைன 2011ல பிரைவேட் கம்பெனி தொறந்துச்சு, 2013ல கைய ஒதறிட்டு போச்சு, டெல்லி மெட்ரோவே எடுத்து ஓட்டுது. ஹைதராபாத் மெட்ரோவ எல் அண்ட் டி கட்டி ஓட்டுச்சு, நஷ்டம் தாங்கலன்னு 2025ல தெலங்கானா அரசாங்கம் கடனோட எடுத்துக்க ஒத்துக்குச்சு. பெரிய கம்பெனி, நல்லா தான் கட்டுனாங்க, அவங்கள தப்பு சொல்லல. டிக்கெட் காசுல மட்டும் நகரத்து ரயில் பொழைக்காது, அதான் விஷயம்.

காசிமேட்டுக்காரி:

நான் எப்பவும் படிச்சிட்டு போயிடுவேன், எழுத மாட்டேன், இன்னிக்கி எழுதணும்னு தோணுச்சு. எல்லாரும் இங்கிலாந்து ஜப்பான்னு பேசுறீங்க, எனக்கு அதெல்லாம் தெரியாது, எங்கம்மா கதை சொல்றேன்.

எங்கம்மா காசிமேடு ஹார்பர்ல விடியக்காலைல ஏலம் எடுத்து, ஐஸ் போட்டு, கூடைய தூக்கினு வண்ணாரப்பேட்டை ஸ்டேஷன் வந்து மீஞ்சூர் போயி வித்துட்டு வரும். முப்பது வருஷம். எலக்ட்ரிக் ட்ரெயின்ல வெண்டர் பெட்டின்னு ஒண்ணு இருக்குல்ல, கூடை மூட்டைக்காரங்களுக்குன்னு, அதுல தான். பஸ்ல ஈர கூடைய ஏத்த மாட்டான், ஏத்துனாலும் மூக்க புடிச்சினு பாப்பாங்க. ஆட்டோல போனா வித்த காசு ஆட்டோக்கே போயிடும். அந்த வெண்டர் பெட்டி இல்லன்னா நானும் என் அக்காவும் படிச்சிருக்க மாட்டோம், இது சத்தியம். எந்த கம்பெனிக்காரன் கணக்கு போட்டு ஒரு பெட்டில சீட்ட எடுத்துட்டு மீன் கூடைக்கு எடம் வுடுவான் சொல்லுங்க. ஏதோ ஒரு காலத்துல ஏதோ ஒரு ஆபீசர் ஜனங்க எப்படி பொழைக்கிறாங்கன்னு பாத்து அந்த பெட்டிய போட்டிருக்காரு, அவர் யாருன்னு தெரியல, நல்லாருக்கணும்.

ஆனா இன்னொண்ணும் சொல்லணும். 2021 பிப்ரவரில வண்ணாரப்பேட்டைல இருந்து விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ வந்துச்சு. எங்க ஏரியாவுக்கு மெட்ரோ வந்ததுல எனக்கு ரொம்ப சந்தோஷம், நானே போறேன். அதுவும் அரசாங்கத்தோடது தான், மத்திய அரசு பாதி மாநில அரசு பாதி. ஆனா ஏசி வண்டி, கண்ணாடி கதவு, ஈர கூடைக்கு அதுல எடம் கெடையாது. கம்மி டிக்கெட்டே பத்து ரூவா. அரசாங்கத்தோடதுன்னா தானா ஏழைக்கு ஆனதுன்னு அர்த்தம் இல்ல. 2020 மார்ச்ல பெரியவங்களுக்கு ரயில் டிக்கெட்ல இருந்த சலுகைய நிறுத்துனாங்க, பொம்பளைங்களுக்கு பாதி, ஆம்பளைங்களுக்கு 40 சதவீதம் கொறைச்சு குடுத்தது. கொரோனா போச்சு, வண்டி எல்லாம் ஓடுது, சலுகை மட்டும் வரல. எங்கம்மா வருஷத்துக்கு ஒரு வாட்டி வேளாங்கண்ணி போகும், இப்போ யோசிச்சு யோசிச்சு போகுது. அத நிறுத்துனதும் அரசாங்கம் தானே.

2025 ஏப்ரல்ல ஏசி எலக்ட்ரிக் ட்ரெயின் வந்துச்சு, அதுவும் நம்ம ஐசிஎஃப்ல செஞ்சது, மொதல்ல எங்க ஓடுச்சு, பீச்ல இருந்து செங்கல்பட்டு. செஞ்ச எடம் வடக்க, ஓடுற எடம் தெக்க. கம்மி டிக்கெட்டு 35 ரூவா, எங்க ஆளுங்க அதுல ஏற மாட்டாங்க, அது வேற விஷயம். எங்களுக்கு ஏசி கூட வேணாம், இன்னும் நாலு வண்டி அதிகமா வுடுங்க, அத்திப்பட்டுக்கு அந்தாண்ட மூணாவது நாலாவது லைன சீக்கிரம் போடுங்க, ஸ்டேஷன்ல பொம்பளைங்களுக்கு ஒரு நல்ல பாத்ரூம் கட்டுங்க.

மொதலாளி அரசாங்கமா இருந்தா கேக்கறதுக்கு ஒரு எடமாவது இருக்கு, எம்எல்ஏ எம்பி வூட்டு வாசல்ல போயி கூடையோட நிக்கலாம், நின்னுருக்கோம். கம்பெனிக்காரன் எந்த ஊர்ல இருக்கான்னு கூட தெரியாது. எனக்கு தெரிஞ்சது அவ்ளோ தான்.

கொருக்குப்பேட்டை கேட்:

இவ்ளோ பேர் இவ்ளோ மனசு வுட்டு எழுதுவீங்கன்னு நெனைக்கல. எல்லாத்தையும் ரெண்டு வாட்டி படிச்சேன், மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல அந்த ஃப்ரெண்டு கிட்டயும் காட்டுனேன். கீமேன் பத்தி படிச்சிட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல அவன். அப்புறம் சொன்னான், நம்ம ஃபேக்டரில லைன் நின்னா பத்து பேர் ஓடி வராங்கல்ல, அது பிரைவேட்ன்றதால இல்லடா, பத்து பேர வேலைக்கு வெச்சிருக்கான், அதனால ஓடி வராங்கன்னான். எனக்கு அது பளிச்சுன்னு பட்டுச்சு. ஆள போடாம யார் நடத்துனாலும் நிக்கும்.

பெரியப்பா, அந்த அஞ்சு சதவீத கேரண்டி விஷயம் எங்க தாத்தா ஒரு வாட்டி சொல்லியிருக்காரு, அப்போ சின்ன பையன் எனக்கு புரியல. இப்போ அரசாங்கமும் பிரைவேட்டும் சேந்து போடுற பிபிபி கான்ட்ராக்ட்டுங்கள்ல கூட இந்த மாதிரி நஷ்டம் வந்தா அரசாங்கம் குடுக்கும்னு எழுதியிருக்கான்னு எங்க பாக்கறது? அத தெரிஞ்சுக்கணும்னு ஆசையா இருக்கு.

ஐசிஎஃப் ஷெல்:

கான்ட்ராக்ட்டுக்கு கான்ட்ராக்ட் மாறும் தம்பி, டெண்டர் டாக்குமென்ட்டுலயே கன்செஷன் அக்ரிமென்ட்டு, அதாவது கம்பெனி கூட போடுற ஒப்பந்தத்தோட மாடல் போட்டிருப்பாங்க, அதுல டெர்மினேஷன் பேமென்ட்டுன்னு ஒரு பகுதி இருக்கும், கம்பெனி பாதியில விட்டுட்டு போனா அரசாங்கம் எவ்ளோ குடுக்கணும்னு. மொதல்ல அத படி. டெல்லி ஏர்போர்ட் லைன் கேஸே அந்த பணத்த பத்தி தான், கோர்ட்டுக்கு வெளிய நடுவருங்க பேசி முடிவு பண்ற ஆர்பிட்ரேஷன்ல கம்பெனி பக்கம் தீர்ப்பு ஆயி, சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போயி, 2024 ஏப்ரல்ல க்யூரேட்டிவ் மனுன்ற கடைசி வாய்ப்புல தான் அத ரத்து பண்ணாங்க. பத்து வருஷம் இழுத்துச்சு. ஞாயித்துக்கெழமை அயனாவரம் பக்கம் வந்தா சொல்லு, யூனியன் ஆபீஸ்ல பழைய பேப்பருங்க இருக்கு, சேந்து பாக்கலாம். உங்க தாத்தா பேர தனியா மெசேஜ்ல அனுப்பு, 74ல கேரேஜ்ல இருந்தவருன்னா எங்க ஆளுங்க யாருக்காவது தெரிஞ்சிருக்கும்.

மாதவரம் பால்பண்ணை:

நான் முழுசா மாறிட்டேன்னு சொல்ல மாட்டேன், கூட்ஸ் கட்டணம் பத்தி நான் சொன்னதுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல, சிமெண்டுக்கும் நிலக்கரிக்கும் ஏத்தி பாசஞ்சர காப்பாத்துறதுக்கு பதிலா அரசாங்கம் நேரா பட்ஜெட்ல இருந்து அந்த காச குடுத்தா லாரி கொறையும்னு தான் இன்னும் நெனைக்கிறேன். புது லைன் போட பெட்டி வாங்க வருஷத்துக்கு இரண்டரை லட்சம் கோடிக்கு மேல பட்ஜெட்ல இருந்து போவுதுல்ல, அதே மாதிரி அஞ்சு ரூவா டிக்கெட்டுக்கும் இவ்ளோன்னு வெளிப்படையா எழுதி குடுக்கட்டும். ஆனா வெண்டர் பெட்டிய பத்தி நான் ஒரு நாளும் யோசிச்சதே இல்ல. அக்கா, அம்மா இன்னும் போறாங்களா?

காசிமேட்டுக்காரி:

அம்மாக்கு முட்டி வலிப்பா, படி ஏற முடியல, நிறுத்திட்டோம். சித்தி போவுது. அதே மீஞ்சூர், அதே எடம், அம்மாவோட வாடிக்கைங்க தான் வாங்குறாங்க. நாளைக்கு வஞ்சிரம் கெடைச்சா எடுத்துனு போகும், இல்லன்னா சங்கரா.